பட்ஜெட்ல லாங் ரேஞ்ச் ரைஃபிள் வேணுமா? வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"ப்ரோ, 30,000 ரூபாய்க்குள்ள நல்ல லாங் ரேஞ்ச் ரைஃபிள் எது? இஎம்ஐ போட்டாலும் ஓகே." நிலக்கோட்டை சிப்காட்ல வேலை பார்க்குற ஒரு தம்பி நம்ம சேனலுக்கு அனுப்பின கேள்வி இது. பைக், போன்னு பேசுற இடத்துல இது கொஞ்சம் புதுசுதான். ஆனா இந்த ஆசை எங்க இருந்து வருதுன்னு புரியுது. 2022 ஜூலைல திருச்சியில நடந்த மாநில துப்பாக்கி சுடும் போட்டியில அஜித் பதக்கம் வாங்கினதைப் பார்த்தோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல துப்பாக்கி சுடுதல்ல மட்டும் இந்தியாவுக்கு 3 பதக்கம். இது போக கையில பப்ஜி வேற.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஆசை நல்ல ஆசைதான். ஆனா இந்த விளையாட்டுல சொந்த ரைஃபிள் கடைசியா வாங்க வேண்டிய பொருள். முதல் ஒரு வருஷம் உங்க காசு ரேஞ்சுக்குப் போகட்டும், கடைக்குப் போக வேண்டாம்.

"லாங் ரேஞ்ச்"னா நம்ம ஊர்ல என்ன?

கேம்ல 800 மீட்டர்ல சுடலாம். நிஜத்துல ஒலிம்பிக் ரைஃபிள் போட்டியிலேயே அதிகபட்ச தூரம் 50 மீட்டர்தான். 300 மீட்டர் போட்டி உலக சாம்பியன்ஷிப்ல உண்டு. ஆனா அந்த மாதிரி ரேஞ்சுகள் நம்ம நாட்டுல பெரும்பாலும் ராணுவம், போலீஸ் கையில இருக்கு. லைசென்ஸ் வாங்கி, பெரிய ரைஃபிளும் வாங்கிட்டீங்கன்னே வச்சுக்குவோம். எங்க போய் சுடுவீங்க? வயக்காட்டுலயும் சிறுமலை அடிவாரத்துலயும் சுட முடியாது.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கங்க. 50 மீட்டருக்கான .22 ரைஃபிளுக்கே 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். "மலைப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி சல்லிசா கிடைக்கும்"னு யாராவது சொன்னா அந்தப் பேச்சை அங்கேயே முடிச்சுடுங்க. ஒரு எஃப்ஐஆர் போதும். அடுத்த கம்பெனியோட பேக்ரவுண்ட் செக், பாஸ்போர்ட் எல்லாத்துலயும் அது வந்து நிக்கும்.

லைசென்ஸ் வேண்டாதது ஏர் ரைஃபிள் மட்டும்தான். அதுலயும் ரெண்டு கண்டிஷன் இருக்கு: 2016 ஆயுத விதிகள்படி குழாய் விட்டம் .177, அதாவது 4.5 மி.மீ.க்கு மேல போகக் கூடாது. சக்தி 20 ஜூலுக்கு மேல போகக் கூடாது. ".22 ஏர் ரைஃபிள், லைசென்ஸ் தேவையில்லை"ன்னு ஆன்லைன்ல விளம்பரம் பார்த்தா நம்பாதீங்க. லைசென்ஸ் வேண்டாம்ங்கிறதால தோட்டத்துல முயல், கொக்கு, மயில் அடிக்கலாம்னு அர்த்தமும் இல்ல. அதுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியா இருக்கு.

10 மீட்டர்னா ஈஸியா?

"வெறும் 10 மீட்டரா?"ன்னு சிரிக்காதீங்க. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில 10 மார்க்குக்கான புள்ளி 0.5 மி.மீ. பேனா முனையால வச்ச புள்ளி அளவு. அதே கோணத்தை 500 மீட்டருக்கு நீட்டினா வெறும் 2.5 செ.மீ. வரும். ஸ்கோப் கிடையாது, பீப் சைட் மட்டும்தான். 60 ஷாட், 75 நிமிஷம், நின்னுக்கிட்டே சுடணும். நீங்க தேடுற லாங் ரேஞ்ச் சவால் இந்த 10 மீட்டருக்குள்ளயே இருக்கு.

அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்ல தங்கம் வாங்கினது இதே தூரத்துலதான். கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கோப்பையில தங்கம் வாங்கினதும் இதுலதான்.

கடையில என்ன இருக்கு?

விலை மாறிக்கிட்டே இருக்கும். தோராயமா மூணு படின்னு வச்சுக்கங்க.

முதல் படி, 10,000-லிருந்து 20,000 வரைக்கும் உள்நாட்டு ஸ்பிரிங் ரைஃபிள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் குழாயை மடக்கணும். உள்ள ஸ்பிரிங் அடிக்கிற அதிர்வு கைக்கு வரும். பொழுதுபோக்குக்கு ஓகே. போட்டிக்குப் பழக ஆரம்பிச்சா சீக்கிரமே போதாமப் போயிடும். "ஸ்கோப்போட காம்போ ஆஃபர்" இந்த விலையிலதான் வரும். அந்த அதிர்வுக்கு மலிவு ஸ்கோப் தாங்காது, 10 மீட்டர் போட்டியில அதை அனுமதிக்கவும் மாட்டாங்க.

ரெண்டாவது படி, 40,000-50,000 பக்கம் ஆரம்பிக்கிற உள்நாட்டு பிசிபி. சிலிண்டர்ல காத்து அடைச்சுச் சுடுறது, அதிர்வு ரொம்பக் குறைவு. பிரெசிஹோல் மாதிரி இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கிறாங்க. காத்து அடைக்க பம்ப் அல்லது டேங்க் வேணும், அது தனிச் செலவு.

மூணாவது படி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் மாதிரி ஜெர்மன் மேட்ச் ரைஃபிள். 2 லட்சத்துக்கு மேல, மாடலைப் பொறுத்து இன்னும் ஏறும்.

30,000 பட்ஜெட் வச்சிருக்கவர் முதல் படிக்கும் ரெண்டாவது படிக்கும் நடுவுல மாட்டிக்குவார். ஸ்கோப், பை, டார்கெட் எல்லாம் சேர்த்து முதல் படியிலயே 30,000 செலவாகும். எட்டு மாசத்துல அது பீரோ மேல ஏறிடும். அதுதான் இருக்குறதுலயே காஸ்ட்லியான ரைஃபிள்.

மாசச் செலவைப் பாருங்க

கைக்கு 28,000 சம்பளம்னு வச்சுக்குவோம். கொடைரோடு வழியா மதுரை ஒன்றரை மணி நேரப் பயணம். அங்க மதுரை ரைஃபிள் கிளப் இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க: சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு? மாசக் கட்டணம் எவ்வளவு? கிளப் ரைஃபிள் கொடுப்பாங்களா? ஞாயித்துக்கிழமை கோச் இருப்பாரா?

சேர்க்கைக் கட்டணத்தை விட்டுட்டு, ஒரு கணக்குக்கு: ரேஞ்ச் 1,000, பெல்லட் 700, பஸ்ஸும் சாப்பாடும் 800. மாசம் 2,500. கட்டணம் கூடினா உங்க கணக்கை மாத்திக்கங்க. இதே சமயம் இன்னொரு 2,500-ஐ ஆர்டியில போடுங்க. 18 மாசத்துல வட்டியோட 47,000 பக்கம் சேர்ந்திருக்கும். அதுக்குள்ள உங்க கைக்கு எந்த ரைஃபிள் பொருந்தும், நீங்க வலது கண்ணா இடது கண்ணா, முக்கியமா, ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சுப் போற ஆளா நீங்கன்னு தெரிஞ்சிருக்கும். பாதியில விட்டுட்டாலும் ஆர்டி பணம் உங்ககிட்டயே இருக்கும். ரைஃபிள் வாங்கியிருந்தா பாதி விலைக்கு ஆள் தேடணும்.

ரைஃபிளுக்கு முன்னாடி ஜாக்கெட் வாங்குங்க. ரைஃபிள் எடை அஞ்சரை கிலோ வரைக்கும் இருக்கலாம். அதைத் தூக்கிக்கிட்டு ஒரு மணி நேரம் நிக்கிறப்போ முதுகைத் தாங்குறது அந்த ஜாக்கெட்டும் பேன்ட்டும்தான்.

இஎம்ஐ? 2.5 லட்சம் ஜெர்மன் ரைஃபிளை 14% பர்சனல் லோன்ல 3 வருஷத்துக்கு எடுத்தா மாசம் சுமார் 8,540. வட்டி மட்டும் 57,000-க்கு மேல. அந்த வட்டிக் காசுல ஒரு உள்நாட்டு பிசிபியே வாங்கிடலாம். 28,000 சம்பளத்துல 30% ஒரு ஹாபிக்குப் போகக் கூடாது. அவசர நிதியும் டேர்ம் இன்சூரன்ஸும் இல்லாதவங்க 5,000 ஹாபி பட்ஜெட்டைக்கூட இப்போ தொடாதீங்க.

செகண்ட் ஹேண்ட்ல ஒரு தேதி பாருங்க

மேட்ச் ரைஃபிள்ல காத்துச் சிலிண்டருக்கு ஆயுசு பொதுவா 10 வருஷம். தேதி அதுலயே அடிச்சிருக்கும். காலாவதியான சிலிண்டரோட போட்டிக்குப் போக முடியாது, பாதுகாப்பும் இல்ல. 1 லட்சத்துக்கு ஜெர்மன் ரைஃபிள் கிடைக்குதுன்னா முதல்ல அந்தத் தேதியைப் பாருங்க. புது சிலிண்டர் விலையையும் கூட்டிப் பேரம் பேசுங்க. பில் இல்லாம எதையும் வாங்காதீங்க.

"கடன் வாங்கி ஜெயிச்சவங்க இல்லையா?"

இருக்காங்க. ஆனா பாரிஸ்ல 50 மீட்டர் ரைஃபிள்ல வெண்கலம் வாங்கின ஸ்வப்னில் குசாலேவைப் பாருங்க. அவரும் நம்மளை மாதிரி சம்பளக்காரர்தான், அப்போ மத்திய ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்தார். 2009-ல மகாராஷ்டிரா அரசோட விளையாட்டுத் திட்டத்துல சேர்ந்தார், 2015-ல ரயில்வே வேலை, 2024 ஆகஸ்ட் 1-ல பதக்கம். 15 வருஷம். எஸ்ஐபிக்கு நாம சொல்ற அதே கணக்குதான்: பெரிய தொகை வேண்டாம், நிறுத்தாம இருக்கணும்.

அதனால தம்பி, 30,000 அப்படியே பேங்க்ல இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை மதுரைக்கு பஸ் ஏறுங்க. கிளப் ரைஃபிள்ல 40 ஷாட் சுட்டுப் பாருங்க. 18 மாசம் கழிச்சும் இதே கேள்வி கேட்டீங்கன்னா, மாடல் பேரோட ஒரு வீடியோவே போட்டுடுறேன்.