பங்குத் தகராறு: பதிவாளரிடமா, தீர்ப்பாயத்திடமா, நீதிமன்றத்திடமா?

பஞ்சாலைகளும் மருத்துவத் துணி உற்பத்தியும் நிறைந்த ராஜபாளையம் பகுதியில், குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் 'பிரைவேட் லிமிடெட்' கம்பெனிகள் புதிதல்ல. நம் சமுதாயத்திலும் தந்தை தொடங்கிய தொழிலைப் பிள்ளைகள் கம்பெனியாக மாற்றிக்கொள்வது பெருகி வருகிறது. தகராறு என்று வந்துவிட்டால் சிலர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்படுகிறார்கள். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. வேறு சிலர், சென்னையிலுள்ள கம்பெனிப் பதிவாளருக்கு ஒரு புகார் எழுதினால் போதும் என்று நம்புகிறார்கள். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதியை அறியாததால் பலருடைய உரிமை காலம் கடந்து கைநழுவுகிறது.

பதிவாளர் நீதிபதி அல்லர். கம்பெனி தாக்கல் செய்யும் ஆவணங்களைப் பெற்றுப் பதிவு செய்வதே அவருடைய முதன்மைப் பணி. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 206-வது பிரிவின்படி அவர் விளக்கம் கேட்கலாம். கணக்குப் புத்தகங்களை வரவழைத்துப் பார்க்கலாம். விசாரித்து மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்பலாம். பொய்யான ஆவணம் தாக்கல் செய்தவர்கள் மீது வழக்குத் தொடரவும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால், 'இந்தப் பங்கு அண்ணனுக்கா, தங்கைக்கா?' என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. சாதாரணப் புகார்களை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியை 'நிர்வாகத் தகராறு உள்ளது' என்று குறிக்கக் கூடாது. நீதிமன்ற உத்தரவு போன்ற அடிப்படை வேண்டும் என 2011-லேயே அமைச்சகம் பதிவாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

தீர்ப்புச் சொல்லும் இடம் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம். 2016 ஜூன் 1 முதல் இயங்கும் இதன் அமர்வு சென்னையில் உள்ளது. உறுப்பினர் பதிவேட்டைத் திருத்த 59-வது பிரிவும், சிறுபான்மைப் பங்குதாரர் மீதான ஒடுக்குமுறையைத் தடுக்க 241, 242-வது பிரிவுகளும் உள்ளன. ஒடுக்குமுறை வழக்குத் தொடரப் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு மூலதனமாவது இருக்க வேண்டும், அல்லது உறுப்பினர்களில் பத்தில் ஒரு பகுதியினராவது சேர வேண்டும். தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் இதைத் தளர்த்தலாம். தீர்ப்பாயம் முடிவு செய்யக்கூடிய விஷயத்தை சிவில் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்கிறது 430-வது பிரிவு. சென்னையின் என்.இ.பி.சி. மைகான் நிறுவனப் பங்குகள் தொடர்பான வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

பதிவாளரின் செயலே வழக்கில் கேள்விக்குள்ளாவதும் உண்டு. டாடா சன்ஸ் - சைரஸ் மிஸ்திரி வழக்கு இதற்கு நல்ல சான்று. டாடா சன்ஸைத் தனியார் கம்பெனியாகக் காட்டி, 2018 ஆகஸ்டில் மும்பைப் பதிவாளர் சான்றிதழைத் திருத்தித் தந்தார். 2019 டிசம்பர் 18 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த மாற்றத்தைச் சட்டவிரோதம் என்றது. தீர்ப்பில் இருந்த அந்தச் சொல்லை நீக்கக் கோரி பதிவாளரே மனுச் செய்ய, அது தள்ளுபடியானது. இறுதியில் 2021 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்து செய்தது. வழக்கு நடக்கும்போது பதிவாளர் செய்யும் பதிவு எந்தத் தரப்புக்கும் இறுதி வெற்றியாகிவிடாது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

அப்படியானால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. இறந்தவரின் வாரிசுகள் யார், யாருக்கு எவ்வளவு பாகம் என்ற கேள்வி சிவில் நீதிமன்றத்துக்கு உரியது. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டப்படி நம் வாரிசுரிமையே அங்கும் செல்லும். இங்கேதான் நம் பெண்மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள். "வாப்பா என்னைத்தான் நாமினியாகப் போட்டார், பங்கெல்லாம் எனக்கே" என்று மூத்த மகன் சொல்ல, தாயும் சகோதரிகளும் அடங்கிப்போகிறார்கள். நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் பங்கின் உரிமையாளராகிவிட மாட்டார், வாரிசுரிமைச் சட்டமே மேலோங்கும் என 2023 டிசம்பர் 14 அன்று சக்தி யெஸ்தானி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஃபராயிள் சட்டத்தில் மகளுக்கும் மனைவிக்கும் வகுக்கப்பட்ட பாகம் நிலத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் உரியதன்று. கம்பெனிப் பங்கும் தர்க்காவில் சேர்ந்ததே.

ஆகவே குடும்பங்கள் செய்ய வேண்டியவை சில. அமைச்சக இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தி, கம்பெனியின் ஆண்டறிக்கையில் யார் பெயரில் எத்தனை பங்கு காட்டப்பட்டுள்ளது என்று பாருங்கள். இறந்தவரின் பங்கை வாரிசுகள் பெயருக்கு மாற்றக் கோரி எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். தனியார் கம்பெனி மறுத்து அறிவிப்புக் கொடுத்தால் 30 நாட்களுக்குள், பதிலே தராவிட்டால் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும். கையெழுத்து மோசடி என்றால் பதிவாளருக்கும் எழுதுங்கள். ஆனால் அவருடைய பதிலுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவற விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, ஜனாஸா முடிந்த வீட்டில் சொத்துப் பட்டியல் எழுதும்போது கம்பெனிப் பங்கையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தங்கையின் பாகத்தைத் தங்கையிடம் சேர்க்க ஓர் அண்ணனுக்கு எந்தத் தீர்ப்பாயத்தின் உத்தரவும் தேவையில்லை.