வன்னிக்கு வேண்டியது ஒரு நேர அட்டவணை

பெருநகரங்களில் கார்களின் எண்ணிக்கையைக் குறைப்பது எப்படி என்று உலகெங்கும் விவாதிக்கிறார்கள். அதே கேள்வியைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை முன்வைத்து எழுப்பினால் சிலர் நகைக்கக்கூடும். வன்னியில் கார் வைத்திருப்போர் எத்தனை பேர்? ஆனால், சொந்த வாகனமின்றி வாழ இயலாது என்ற நிலை காருக்கு மட்டும் உரியதன்று. வன்னியில் அது லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளாகவும் முச்சக்கரவண்டியாகவும் வந்து நிற்கிறது.

ஒரு வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கலாம். காலையில் கணவன் அதில் வேலைக்குப் போய்விட்டால், கிளினிக் போகவேண்டிய மனைவிக்கும் ரியூசன் முடிந்து வரும் மகளுக்கும் வாகனமில்லை. போர் விட்டுச்சென்ற பெண்தலைமைக் குடும்பங்கள் பலவற்றில் அந்த ஒன்றும் இல்லை. மாதாந்தக் கட்டுப்பணமோ ஓட்டோக் கூலியோ, ஏழைதான் தன் வருமானத்தில் பெரும்பங்கைப் போக்குவரத்துக்குக் கொடுக்கிறான்.

இதற்கு நிலவியலும் ஒரு காரணம். முல்லைத்தீவு மாவட்டம் சுமார் 2,600 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. 2012 குடிசன மதிப்பீட்டின்போது அங்கிருந்தோர் ஏறத்தாழ 92,000 பேர். சதுர கிலோமீற்றருக்கு நாற்பது பேர்கூட இல்லை. அன்று முழு நாட்டின் சராசரி 325. ஆட்கள் குறைந்த பாதையில் இலாபம் பார்த்துப் பேருந்து ஓடாது. பேருந்து ஓடாத ஊரில் இளைஞர் தங்குவதில்லை. ஊர் மேலும் வெறிச்சோடுகிறது.

போருக்குப் பின்னர் எதுவும் செய்யப்படவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1905 இல் கொழும்புடன் இணைக்கப்பட்டு, 1956 முதல் யாழ்தேவி ஓடிய புகையிரதப் பாதை 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே துண்டிக்கப்பட்டது. இந்தியக் கடனுதவியுடன் அது மீள அமைக்கப்பட்டு, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியையும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் ரயில் மீண்டும் அடைந்தது. ஏ-9 வீதியும் காபற் வீதியாயிற்று. இவையெல்லாம் தெற்கு வடக்காக ஓடுபவை. வன்னியின் வாழ்க்கையோ கிழக்கு மேற்காகவும் விரிந்து கிடக்கிறது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகச் சென்றாலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். மாங்குளத்தில் ரயில் நின்றென்ன? இறங்குபவரை ஏற்றிச்செல்ல அதே நேரத்தில் ஒரு பேருந்து காத்து நின்றாலல்லவா அது முல்லைத்தீவாருக்கும் ரயிலாகும்!

சுவிற்சர்லாந்தில் வாழும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலைக்கிராமத்து நிலையத்தில் ரயில் வந்து நிற்கும்போது மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து வெளியே தயாராக நிற்பதை அவர்கள் அன்றாடம் காண்கிறார்கள். 1982 இல் அந்நாடு முழுவதற்குமாகச் சீரான இடைவெளியில் ரயில் ஓடும் அட்டவணையை வகுத்தார்கள். பணக்கார நாடு என்று தள்ளிவிட வேண்டாம். தமிழகத்தில் 1997 இல் பெரிய பேருந்து நுழையாத கிராமங்களுக்கென்றே மினி பேருந்துத் திட்டம் கொண்டுவரப்பட்டது.

நம்மிடமும் கருவிகள் இல்லாமலில்லை. வருமானம் குறைந்த கிராமப் பாதைகளுக்கு மானியம் வழங்கும் ‘கமி செரிய’, மாணவருக்கான ‘சிசு செரிய’ ஆகியன தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் திட்டங்களே. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் பயணிகள் பேருந்துச் சேவையை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாகாணத்துக்குக் கொடுத்தது. அதிகாரம் போதாது என்று முழங்கிய நம் அரசியலாளர், கையிலிருந்த இந்த அதிகாரத்தை எவ்வளவு பயன்படுத்தினார்கள்? வவுனியாவின் புதிய பேருந்து நிலையத்தை அரச பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் பகிர்ந்து, இணைந்த நேர அட்டவணையில் ஓடுவது பற்றிய இழுபறி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இரு தரப்பும் ஒரே பயணிக்காக முந்தியடிக்கும் பாதையில் பத்துப் பேருந்துகள் ஓடும். அடுத்த பாதையில் ஒன்றும் ஓடாது. கட்டடம் கட்டுவது எளிது, அட்டவணை போடுவதுதான் அரசியல்.

சைக்கிளையும் மறந்துவிடலாகாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டதும், அதுவும் கிடைக்காதபோது சைக்கிளில் குடும்பத்தையே சுமந்ததும் இந்த மண். 2022 இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று கியூஆர் அட்டை வந்தபோது, தென்னிலங்கை புதிதாகக் கற்ற பாடம் வன்னிக்குப் பழையது. புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் பழகியது அவர்களின் நடமாட்டத்தையே மாற்றியது. நம் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்பிக்க வேண்டியதில்லை. டிப்பர்களும் சொகுசுப் பேருந்துகளும் விரையும் வீதியில் அவர்களுக்கென ஓர் ஓரப்பாதையும், இருண்ட சந்திகளில் விளக்கும், பேருந்துத் தரிப்பிடத்தில் சைக்கிளைப் பூட்டிவைக்க ஒரு கொட்டகையும் போதும்.

புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் மாணவருக்குச் சைக்கிள் வழங்கி வருகின்றன. நல்ல பணி. அடுத்த முறை அந்தக் கொட்டகையையும் கட்டிக்கொடுங்கள். விடுமுறையில் வரும்போது கட்டுநாயக்காவிலிருந்து வானில் நேரே வீட்டு வாசலில் இறங்காமல், ஒருமுறை ரயிலில் மாங்குளம் வரை வந்து, அங்கிருந்து ஊருக்குப் போய்ப் பாருங்கள். ஊரிலுள்ளோர் ஒவ்வொரு நாளும் எதற்காகக் காத்து நிற்கிறார்கள் என்பது அப்போது புரியும். புரிந்தபின், உங்களிடம் நிதி கேட்டு வரும் அரசியல்வாதியிடம் முதலில் அந்த அட்டவணையைக் கேளுங்கள்.