தாத்தாவின் துப்பாக்கிக் கட்டை

பழவேற்காட்டில் மாமா வீட்டுக்குப் போனால் எனக்கு இரண்டே வேலை. மாமி செய்யும் இறால் தொக்கைச் சாப்பிடுவது, பூட்டி வைத்திருக்கும் தாத்தாவின் ஒற்றைக் குழல் துப்பாக்கியை எட்டிப் பார்ப்பது.

மீனவர் வீட்டில் துப்பாக்கியா என்று கேட்காதீர்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் வெடிமருந்து ஆலையே நடந்தது. தாத்தா உரிமம் வாங்கி, குழம்புக்கு நீர்வாத்து சுட்டவர். 1980-ல் ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம் ஆனபோது துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்தவர்தான், பிறகு தொடவில்லை. அவர் காலமானதும் மாமா அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, அலையாய் அலைந்து தன் பெயரில் உரிமம் வாங்கி மீட்டு வந்தார்.

இந்த முறை பார்த்தால் கட்டை முழுக்கக் கறுப்பு. உப்புக் காற்றும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் செய்த வேலை. "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வார்னிஷ் அடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றார் மாமா. பக்கத்துத் தெருவில் படகு கட்டும் பெரியவரிடம் யோசனை கேட்கப் போனோம்.

"துப்பாக்கிய நான் தொட மாட்டேன் தம்பி. அதை ரிப்பேர் பண்ணவே தனி லைசென்ஸ் வேணும். இரும்புல கோளாறுன்னா அந்தக் கடைக்குப் போ. மரத்துக்கு வழி சொல்றேன்" என்றவர், ஒரு பழைய துடுப்பை எடுத்துப் பாடம் நடத்தினார்.

முதலில் டர்பன்டைன் நனைத்த துணியால் பிசுக்கைத் துடைக்க வேண்டும். எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்தில் சாக்குப் பொடியைக் குழைத்துப் பூசிக் காயவிட்டால், பொடி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அடிபட்டுக் குழிந்த இடத்தில் ஈரத்துணி போட்டு, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து எடுத்தார். ஆவி ஏற ஏற, நசுங்கிய மரம் உப்பி மேலே வந்தது! நார் அறுந்த வெட்டுக்காயத்துக்கு மட்டும் இது பலிக்காதாம்.

கடைசியாக லின்சீட் ஆயில். சில சொட்டு விட்டு உள்ளங்கை சூடாகும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. வார்னிஷ் விரிசல் விட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணெய் என்றால் மேலேயே இன்னொரு கை பூசிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னார். அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

"சரிண்ணே, உப்புத்தாள் எப்போ?" என்றார் மாமா விடாமல்.

"உங்கப்பா கை புடிச்ச எடம் தேஞ்சிருக்குமே, பாத்தியா?"

வீட்டுக்கு வந்து பார்த்தோம். பிடியில் கட்டைவிரல் படும் இடம் வழவழவென்று பள்ளமாகியிருந்தது. கன்னம் பதியும் இடத்தில் மட்டும் மரம் வெளிறியிருந்தது. இத்தனை வருஷம் அது அழுக்கு என்றே நினைத்திருந்தோம். மாமா அதில் விரலை வைத்துப் பார்த்தார். வாங்கி வந்த உப்புத்தாளை மாமியிடம் கொடுத்து, "அருவாமனைக்கு வெச்சுக்கோ" என்றார்.

பத்து நாள் கழித்து போட்டோ அனுப்பினார். கண்ணாடி மாதிரி இல்லை. நல்ல தேன் நிறம், நடுவில் அந்தப் பள்ளம் அப்படியே.

உங்கள் வீட்டிலும் பாட்டியின் மத்தோ, தாத்தாவின் கைத்தடியோ இருக்கும். புதுசாக்குவதற்கு முன்னால் ஒரு தடவை கையில் பிடித்துப் பாருங்கள். அழுக்கு எது, ஆள் எது என்று விரலுக்குத் தெரியும்.