சிலிண்டரா, குழாய் கேஸா? முதல்ல வீடு யாருது?

குழாய் கேஸ் எடுக்கலாமான்னு வீட்டுல பேச்சு வந்தா, "நீதான இன்ஜினியரிங் படிக்கிற, சொல்லு"ன்னு உங்க பக்கம்தான் திரும்புவாங்க. தெர்மோ பேப்பர் எழுதினதுக்கு ஒரு தடவையாவது பிரயோஜனம் இருக்கட்டும்.

கணக்கு சிம்பிள். வெப்பத்தை வச்சுப் பார்த்தா, 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு சுமார் 18 கன மீட்டர் இயற்கை எரிவாயுவுக்குச் சமம். சிலிண்டர் விலையோட, மாடிக்குத் தூக்கிட்டு வர்றவருக்குக் கொடுக்கிற காசையும் சேர்த்து 18-ஆல வகுங்க. குழாய் கேஸ் யூனிட் விலை அதை விடக் கம்மின்னா லாபம். உஜ்வலா மானியம் வர்ற வீடுன்னா அதைக் கழிச்சுட்டு வகுக்கணும். அப்போ லாபம் சுருங்கிடும்.

அடுப்பு பழசே போதும், ஆனா ஜெட் மாத்தணும். ஒரே கன அளவுல இயற்கை எரிவாயுவுக்கு வெப்பம் குறைவு, அதனால துளை பெருசா வேணும். அந்த ஜெட்டோட மறுபடி சிலிண்டர்ல மாட்டினா நெருப்பு மஞ்சளா, எக்கச்சக்கமா எழும்பும். விளையாடாதீங்க.

"குழாய்னா பயம்"னு எண்ணூர்ல யாராவது சொன்னா சிரிக்காதீங்க. 2023 டிசம்பர் 26 ராத்திரி, கப்பல்ல இருந்து உரத் தொழிற்சாலைக்கு வர்ற கடலடிக் குழாயில அம்மோனியா கசிஞ்சு, பெரியகுப்பம் ஜனங்க மூச்சு முட்டி வீட்டை விட்டு ஓடினாங்க. அந்தப் பயம் நியாயமானது. ஆனா சமையல் கேஸ் விஷயம் வேற. எல்பிஜி காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையிலயே தேங்கும். மீத்தேன் லேசு, மேல போயிடும். மேல போக வழி இருக்கணும், அவ்வளவுதான். அட்டை வச்சு அடைச்ச வென்டிலேட்டரைத் திறக்காம கனெக்‌ஷன் வாங்காதீங்க.

சரி, என் கருத்து. சொந்த வீடு, விலையும் கட்டுபடியாகுதுன்னா மாறிடுங்க. வாடகை வீடுன்னா அவசரப்படாதீங்க. வீடு மாறினா சிலிண்டர் கூடவே ஆட்டோவுல வரும், மீட்டரும் பைப்பும் சுவத்தோட நிக்கும். அதைப் போடவே ஓனர் சம்மதம் வேணும். ராயபுரம், காசிமேடு பக்கம் ஒரே வாசல்ல ஆறு குடித்தனம் இருக்கிற வீடுகள்ல, இதை முடிவு பண்றவர் அங்க சமைக்கிறவரே இல்ல.

இதுதான் எனக்கு உறுத்துது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல 2019-ல இருந்து எல்என்ஜி முனையம் இருக்கு. மைனஸ் 162 டிகிரியில, 600 மடங்கு சுருங்கின எரிவாயு கப்பல்ல வந்து இறங்குறது இங்கதான். லாரியும் புகையும் நமக்கு. ஆனா குழாய் சுலபமா ஏறுறது என்னவோ அசோசியேஷன் இருக்கிற அபார்ட்மென்ட்டுக்கு.

அதனால உங்க தெருவுக்கு ஆளுங்க ஃபார்மோட வந்தா, விலையை மட்டும் கேட்காதீங்க. வாடகைக்காரர் பேர்ல கனெக்‌ஷன் உண்டா, காலி பண்ணும்போது டெபாசிட் யார் கைக்கு வரும், ஆறு குடித்தனத்துக்கும் தனித்தனி மீட்டர் போடுவீங்களான்னு கேளுங்க. பதில் எழுத்துல வர்ற வரைக்கும் சிலிண்டரைச் சரண்டர் பண்ண வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லி வைங்க.