தோல் புற்றுநோய் மீண்டும் வாராதிருக்க

தோலில் தோன்றும் புற்றுநோயைக் காலத்தே அறுத்து நீக்கினால் பெரும்பாலும் குணமடையலாம். ஆனால் காயம் ஆறியதும் வைத்தியசாலைப் பக்கமே திரும்பாதிருப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் மாறவேண்டும்.

வெண்ணிற மேனியர் வாழும் நாடுகளில் இந்நோய்க்கு முதற்காரணம் வெயில். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. நாள்தோறும் வெயில் தடுப்புக் களிம்பு பூசியவர்களிடம் செதிள் வகைப் புற்றுக்கட்டிகள் ஏறத்தாழ 40 சதவிகிதம் குறைந்தன. நம் கருமேனிக்கோ வெயிலிலிருந்து இயற்கையிலேயே ஓரளவு காப்பு உண்டு. இங்கே அவ்வகைப் புற்று பழைய தீக்காய வடுவிலும் நெடுநாள் ஆறாத புண்ணிலும் தோன்றுவதே கவனிக்கத்தக்கது. வேட்டியையோ பாவாடை நாடாவையோ ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக இறுக்கிக் கட்டிய இடுப்பிலும் அரிதாகத் தோன்றுவதுண்டு. கானோல்கர், சூர்யாபாய் என்னும் மருத்துவ அறிஞர்கள் 1945ஆம் ஆண்டிலேயே வேட்டிப் புற்றைப் பற்றி எழுதியுள்ளனர்.

ஆகவே கட்டியை நீக்கினால் மட்டும் போதாது. அதன் காரணத்தையும் நீக்கவேண்டும். நாடா அகலமாக இருக்கட்டும். முடிச்சு தளர்ந்து, அவ்வப்போது இடம் மாறட்டும். வடுவில் புதுப்புண் தோன்றிச் சில வாரங்களில் ஆறாவிடில் தாமதியாது வைத்தியரிடம் காட்டுக.

செதிள் வகைப் புற்று திரும்புமாயின் பெரும்பாலும் முதல் இரண்டாண்டுகளுக்குள்ளேயே திரும்புகிறது. எனவே வைத்தியர் குறித்த நாளில் தவறாது சென்று, வடுவையும், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது.

தறி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போயிற்று. அறுவடைக் காலத்தில் வயலை விட்டகல இயலாது. இதனால் செல்லாதவரைக் குறை கூறுவது நியாயமன்று. நெய்வோருக்கு நூலும் பயிரிடுவோருக்கு விதையும் வழங்கும் சங்கம், இவ்விரண்டாண்டுப் பயணச் செலவையும் பரிசோதனை நாட் கூலியையும் பொதுநல நிதியிலிருந்து அளிக்கலாகாதா? இந்நோயுற்றோர் சிலரே, செலவும் சிறிதே. கடன் தவணையைப் பேரேட்டில் குறித்து நினைவூட்டும் நாம், நோயுற்றவரின் இசைவு பெற்றுப் பரிசோதனை நாளையும் குறித்து நினைவூட்டலாம். வரும் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களாக.