அயோனாவில் ஓர் இரவு



ஸ்காட்லாந்து செல்லவிருக்கும் நம் சபையார் ஒருவர், "ஐயா, அயோனா தீவைக் காலையில் சென்று பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாமா?" என்று கேட்டார். ஓபன் துறைமுகத்திலிருந்து ஒருநாள் சுற்றுலா உண்டு, ஆகவே முடியும். ஆயினும், வேண்டாம் என்பதே என் கருத்து.

வழியைப் பாருங்கள். கிளாஸ்கோவிலிருந்து ஓபனுக்கு ரயிலில் ஏறக்குறைய 3 மணி நேரம். அங்கிருந்து கப்பலில் மல் தீவின் கிரெய்க்னூருக்கு 50 நிமிடம். பின்பு அத்தீவின் குறுக்கே, பெரும்பாலும் ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க சாலையில், சுமார் 60 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். கடைசியாக ஃபின்னஃபோர்ட்டில் சிறு கப்பல். பத்தே நிமிடத்தில் அயோனா. காற்று மிகுந்தால் அதுவும் நிற்கும். இத்தனையும் கடந்து சென்றவர், கடிகாரத்தைப் பார்த்தபடியே ஆலயத்தைச் சுற்றிவருவதில் என்ன பயன்?

563-ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து துணைவரோடு வந்திறங்கிய கொலும்பா, 597-இல் மரிக்கும்வரை அத்தீவையே தம் இல்லமாகக் கொண்டார். நாம் ஓர் இரவேனும் தங்கலாகாதா? பகற்கூட்டம் திரும்பிய பின்பே அங்கு அமைதி இறங்கும். கோடையில் ஆலயத்தில் நடைபெறும் இரவு ஆராதனையும் தங்குகிறவர்களுக்கே கிடைக்கும்.

விடுதிகள் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். முதியோரை அழைத்துச் செல்வோர் மல் தீவில் ஒருநாள் இளைப்பாறிச் செல்லலாம். செலவு மிகுமெனில் எடின்பரோவில் ஒருநாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கடைகள் நம்மைத் தேடி வருந்தப்போவதில்லை.