கிணற்றின் உண்மை யாருக்கு உரியது?

ஆறில்லாத நாடு நம் நாடு. வழுக்கியாறு என ஒன்றுண்டெனினும் அது மாரியில் ஓடிக் கோடையில் மறைவது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வானம் பொழிவதைச் சுண்ணக்கல் தன் வயிற்றில் ஏந்தி வைக்கின்றது. அடியில் உவர்நீர், அதன் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர். அந்த நன்னீரையே ஆண்டு முழுவதும் அள்ளிக் குடிக்கின்றோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கின்றோம். யாழ்ப்பாணத்தானுக்குக் கிணறு வெறும் குழியன்று. அவன் உயிரின் வேர்.

அக்கிணற்றைப் பற்றிய உண்மை யாருக்கு உரியது என்பதே இன்று நாம் எழுப்பும் வினா. ஆராய்ந்த அறிஞனுக்கா? அறிக்கையைப் பெட்டகத்தில் பூட்டிய அலுவலகத்துக்கா? அன்றி, நாள்தோறும் அந்நீரைக் குடித்துக்கொண்டிருக்கும் குடிமகனுக்கா?

சுன்னாகத்தின் கதையை எவரும் மறந்திருக்கமாட்டார். மின் நிலையச் சூழலிலிருந்து கழிவெண்ணெய் நிலத்துள் இறங்கிற்று. அயலூர்க் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியில் வந்த நீர் மணத்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013-2014 காலப்பகுதியில் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் ஏறக்குறைய முக்காற்பங்கில் எண்ணெயும் கிரீசும் அனுமதித்த அளவை விஞ்சியிருந்தன. பின்னர் வட மாகாண சபையும் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு வேறொரு முடிவைச் சொன்னது. ஒரு சபை அஞ்சுக என்றது. மற்றொரு சபை அஞ்சற்க என்றது. இரண்டுக்கும் நடுவில் நின்ற தாய், பிள்ளைக்கு எந்தத் தண்ணீரைக் கொடுப்பாள்? அவள் கேட்டது ஆய்வுக் கட்டுரையன்று. தன் கிணற்று நீரைக் குடிக்கலாமா, கூடாதா என்ற ஒரே ஒரு விடை. அவ்விடையைத் துணிந்து சொல்ல அன்று எந்த அலுவலகமும் முன்வரவில்லை.

வழக்கு மல்லாகம் நீதவான் மன்றுக்குச் சென்றது. உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவரோ தென்னிலங்கைச் சூழலியலாளர் ரவீந்திர காரியவசம் அவர்கள். 2019 ஏப்பிரல் 4ஆம் நாள் அம்மன்று தீர்ப்பளித்தது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் கடமை தவறி, அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமையை மீறின என்றும், மாசுபடுத்தியவனே ஈடுசெய்தல் வேண்டும் என்றும் கண்டு, நொதேர்ண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. தமிழன் கிணற்றுக்காக ஒரு சிங்களச் சகோதரர் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார் என்பதை நன்றியோடு நினைக்கின்றோம். மேடைதோறும் உரிமை முழங்கும் நாம், கறுப்பு அங்கி அணிந்த நாம், ஏன் முந்திக்கொள்ளவில்லை என்று வெட்கத்தோடும் நினைக்கின்றோம். இவ்வெட்கத்தில் இதை எழுதுபவனுக்கும் பங்குண்டு.

எனினும், மாற்றான் மீது பழிபோட்டுத் தப்புவது அரசியலாகலாம், நீதியாகாது. எண்ணெய் கண்ணுக்குத் தெரியும் பகை. கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்றும் நம் கிணற்றில் உண்டு. அதற்கு நைத்திரேற்று என்று பெயர். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் நாம் அள்ளி வீசும் யூரியாவும், கிணற்றுக்கு அருகே நாம் வெட்டிய மலசலகூடக் குழியும் அதன் பிறப்பிடங்கள். வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல் அதை வடிகட்டுவதில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அவ்வரையறையைத் தாண்டி நிற்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர் எழுதி வந்துள்ளனர்.

இதனால் முதலிற் கேடுறுவது பச்சிளங் குழந்தை. நைத்திரேற்று மிகுந்த நீரிற் கரைத்த பால்மாவை உண்ணும் சிசுவின் குருதி, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பண்ணைக் கிணற்று நீரால் இவ்வாறு நோயுற்ற குழந்தைகளைப் பற்றி 1945ஆம் ஆண்டிலேயே மருத்துவர் கொம்லி எழுதினார். நம் தாய்மார் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகும் என நம்புகின்றனர். கிருமி சாகும், உண்மை. நைத்திரேற்றோ சாகாது, நீர் வற்ற வற்றச் செறியும். தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைக்கு இவ்விடர் மிகக் குறைவு. இச் சிறு செய்திகள் ஒவ்வொரு குடிசைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டாவா? நாற்பது ஆண்டு ஆராய்ச்சி அடுப்படிக்கு வந்து சேரவில்லையெனில் அது யாருடைய குற்றம்?

இத்தீங்கு எல்லார் மீதும் சமமாக விழுவதுமில்லை. வசதி படைத்தவன் போத்தல் தண்ணீர் வாங்குவான், வடிகட்டி பூட்டுவான். பத்துப் பரப்புக் காணியுடையவன் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை மறு மூலையிலும் வைப்பான். ஒன்றரைப் பரப்பில் குடியிருப்பவன் எங்கே போவான்? அவன் குழியும் அவன் கிணறும், அயலவன் குழியும் அயலவன் கிணறும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கின்றன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் ஆண்டுக்கணக்காக ஒடுங்கிக் கிடந்த நம் மக்கள் பொதுக் கிணற்றையே நம்பி வாழ்ந்தனர்.

சிறு காணி யாருக்கு வாய்த்தது, பெருங் காணி யாருக்கு வாய்த்தது என்று கேட்டால் சாதியின் பெயரைச் சொல்லாமல் விடையிறுக்க இயலாது. கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்று, யாரேனும் இரங்கி வார்த்தாலன்றி நீர் பெறாதிருந்த மக்கள் இம்மண்ணில் இருந்தனர். கே. டானியல் 'தண்ணீர்' என்ற பெயரிலேயே நாவல் எழுத நேர்ந்ததும் அதனாலன்றோ? அன்று கிணற்றை மறுத்தோம். இன்று கிணற்றைப் பற்றிய உண்மையை மறுக்கின்றோம். இரண்டும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.

மருத்துவ ஆராய்ச்சிக்கு ஓர் அறம் உண்டு. நாசி மருத்துவரின் கொடுமைகளை விசாரித்த நூரம்பேர்க் மன்று, மனிதனின் இசைவின்றி அவனுடல் மீது சோதனை செய்யலாகாது என 1947இல் விதித்தது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் அவ்வறத்தை விரித்துரைத்தது. இன்று ஒருவன் கையிலிருந்து ஒரு துளி குருதி எடுக்க வேண்டுமாயினும் அவன் இசைவைக் கேட்கின்றனர். அவன் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் நீர் எடுப்பவன் மட்டும் ஏன் முடிவைச் சொல்லாமற் போகலாம்? அந்நீரே நாளை அவன் குருதியாகின்றது. ஆய்வு ஆங்கிலத்தில் அச்சேறுகின்றது, பட்டம் கிடைக்கின்றது, பதவி உயர்கின்றது. கிணற்றுக்காரனோ அதே நீரைக் குடித்துக்கொண்டிருக்கின்றான். ஆய்வாளரை நாம் பழிக்கவில்லை. அவர் இல்லையேல் எதுவும் அறியோம். அறிந்ததைத் திருப்பித் தருக என்றே கேட்கின்றோம்.

“முடிவுகளை வெளியிட்டால் மக்கள் பீதியடைவர்” என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். இவ்வாதம் நில்லாது. சுன்னாகத்தில் பீதியைப் பரப்பியது உண்மையன்று, உண்மை கிடைக்காமையே. தெளிந்த செய்தி இல்லாத இடத்தில் வதந்தி ஆட்சி செய்யும்.

சட்டமும் நம் பக்கமே நிற்கின்றது. 2015இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 14அ உறுப்புரை தகவல் பெறுதலை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச நிறுவனங்களை மட்டுமன்றிப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும். பதினான்கு வேலை நாட்களுள் முடிவு சொல்லப்படல் வேண்டும். ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்டதாயின் நாற்பத்தெட்டு மணித்தியாலங்களுள் விடை வேண்டும். குழந்தை குடிக்கும் நீர் உயிர் சம்பந்தப்பட்டதன்றேல் வேறெது?

ஆகவே நாம் கோருவன மூன்று. ஒன்று: எவர் கிணற்றில் நீர் எடுப்பினும் முடிவைத் தமிழில், எழுத்தில், குறித்த தவணைக்குள் அவ்வீட்டாருக்குக் கொடுத்தல் வேண்டும், குடிக்கலாமா, சிசுவுக்குக் கொடுக்கலாமா என்று வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். இரண்டு: கிராம அலுவலர் பிரிவுதோறும் கிணறுகளின் நிலையைக் காட்டும் வரைபடம் பிரதேச சபையிற் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். மூன்று: 2024இல் தாளையடியிற் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது, அதன் குழாய், சிறு காணிக் குடியிருப்புகளுக்கே முதலிற் செல்லுதல் வேண்டும். பெருவீதியில் மாடி கட்டியவன் காத்திருக்கலாம்.

இவை கொழும்பிடம் மட்டும் கேட்பனவல்ல. நம் பிரதேச சபைகளிடமும், நம் பல்கலைக்கழகத்திடமும், பசளை மூட்டையை அவிழ்க்குமுன் அளவைக் கேட்க மறக்கும் நம் தோட்டக்காரரிடமும் கேட்கின்றோம். உரிமைப் போரில் நிலம் கேட்டோம், மொழி கேட்டோம். அந்நிலத்தின் அடியிலுள்ள நீரைப் பற்றிய உண்மையை அந்த மொழியிற் கேட்கும் நாள் இது. அடுத்த முறை உங்கள் படலையில் போத்தலோடு ஒருவர் வந்து நீர் கேட்டால், தாராளமாக அள்ளிக் கொடுங்கள். கொடுக்குமுன் ஒரு கேள்வியும் கேளுங்கள்: “ஐயா, முடிவை எப்போது கொண்டுவந்து தருவீர்கள்?”